கிளாரா செய்த சமாதானம்

எங்கள் ஊர்ச் சந்தையில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டால் காவலாளியைக் கூப்பிடுவதற்கு முன்னால் கிளாரா யூகாயைக் கூப்பிடுவார்கள். அவள் கையை மேலாடையில் துடைத்துக்கொண்டே வருவாள். முதலில் ஒருத்தி சொல்வதைக் கேட்பாள், பிறகு மற்றவள் சொல்வதைக் கேட்பாள். இருவர் வாயிலும் ஒரு சிட்டிகை கேரட் சாலட்டைத் திணித்துவிட்டு, "மென்னு முடிக்கிற வரைக்கும் யாரும் பேசக் கூடாது" என்பாள். பூண்டும் மிளகாயும் ஏறி இருவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்ததும் பாதிச் சண்டை போய்விடும். மீதியை அவள் பேசியே முடிப்பாள்.

கொரிய சாலட் வரிசையில் அவளுக்கு இருபத்திரண்டு வருடம். எதிர் வரிசையில் தேயிலையும் உலர்ந்த பழமும் விற்கிறவள் நான், புருல். ஞாயிற்றுக்கிழமை ஒரே ஜெபவீட்டுக்குப் போகிறவர்கள். எங்கள் சபையில் நான் கிர்கீஸ்காரி, அவள் பாட்டன் காலத்திலேயே இங்கே வந்து தங்கிய கொரியக்காரி, போதகர் யாகோவ் வீபே ஜெர்மன்காரர், பாட்டுக்குழுவில் பாதிப் பேர் ரஷ்யர்கள். எல்லாருமாகச் சேர்ந்தால் நாற்பது பேர் தேறுவோம். கீழே எழுதியிருப்பதில் பாதியை நான் கண்ணால் பார்த்தேன். மீதியை அவளே சொன்னாள். மறைக்காமல் சொல்லலாம் என்று அனுமதியும் கொடுத்தாள்.

அவளுக்குப் பக்கத்து மேசை தமாரா ஹெகாயுடையது. வீடும் பக்கத்து வீடுதான், நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். தமாராவுக்குப் பிள்ளை இல்லை. கிளாராவின் கணவன் விதாலி இறந்தபோது மகன் ஆர்தூருக்கு ஒன்பது வயது. விடியும் முன்பே சந்தைக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் கிளாரா இருந்தாள். அப்போது பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த தமாரா மதியத்துக்கே வீடு திரும்பிவிடுவாள். பள்ளி விட்டதும் பையன் நேராக அவள் வீட்டுக்குப் போய் அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே பாடம் எழுதி, பல நாள் அங்கேயே தூங்கியும் போனான். பள்ளிச் சமையலறையை மூடிய பிறகு தமாரா சந்தைக்கு வந்தாள். தன் மேசையை நகர்த்தி அவளுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்ததே கிளாராதான். அந்த நாட்களில் கிளாரா ஜெபத்தில் எழுந்து நின்றால் தமாராவின் பெயரைச் சொல்லாமல் உட்கார மாட்டாள்.

ஆர்தூர் வளர்ந்து கொரியாவுக்கு வேலைக்குப் போனான். எங்கள் ஊர்க் கொரியப் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் இப்போது அங்கேதான், இயந்திரப் பாகம் செய்கிற ஏதாவது ஒரு தொழிற்சாலையில். சனிக்கிழமை தோறும் அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசுவான். நல்லா இருக்கேன், நீ நல்லா இருக்கியா, மருந்து சாப்பிடறியா. இரண்டு நிமிடம். வேலை ஜாஸ்தி, பாவம் பையன் என்று கிளாரா நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் தமாரா தன் வாடிக்கைக்காரி ஒருத்தியிடம் பேச்சோடு பேச்சாக, ஆர்தூருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, பத்து நாளாக வேலைக்குப் போகவில்லை, இப்போது பரவாயில்லை என்று சொன்னாள். ஒன்றரை முழம் தள்ளி நின்று கிளாரா முட்டைக்கோஸை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பத்து நாளுக்குள் ஒரு சனிக்கிழமை வந்து போயிருந்தது. நல்லா இருக்கேன், நீ நல்லா இருக்கியா.

"உனக்கு யார் சொன்னா?" என்று கேட்டாள்.

"அவன்தான். ஞாயித்துக்கிழமை பேசுவான்ல."

ஞாயிற்றுக்கிழமை. அப்படி ஒரு நாள் இருப்பதே கிளாராவுக்குத் தெரியாது. அதற்கடுத்த வாரம் ஆராதனை முடிந்து வந்தவள் சுவரோரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மூன்று மணிக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. வார்த்தை ஒன்றும் புரியவில்லை, தமாராவின் சிரிப்பு மட்டும் தெளிவாகக் கேட்டது. ஐம்பது நிமிடம் பேசினார்கள். எத்தனை தடவை சிரித்தாள் என்று கிளாரா எண்ணிக்கொண்டிருந்தாள். பதினேழு தடவை. பல மாதம் கழித்து என்னிடம் இதைச் சொன்னபோதும் அந்த எண்ணை அவள் மறந்திருக்கவில்லை.

இதன் பிறகு மேலங்கி வந்தது. பனிக்காலம் தொடங்கும்போது ஊருக்கு வந்த ஒருவனிடம் ஆர்தூர் இரண்டு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தான். ஒன்று அம்மாவுக்கு, ஒன்று தமாரா சித்திக்கு. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த கத்திரிப்பூ நிற மேலங்கி. இரண்டும் ஒரே மாதிரி, ஒரே அளவு. தமாராவுக்கு மட்டமானதைக் கொடுத்திருந்தால் கிளாராவுக்குப் பெருமையாக இருந்திருக்கும். உசத்தியானதைக் கொடுத்திருந்தால் வாய்விட்டுச் சண்டையாவது போட்டிருக்கலாம். சமமாகக் கொடுத்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பெற்றவளுக்கும் சோறு போட்டவளுக்கும் ஒரே அளவுகோலா? தமாரா மறுநாளே அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்தாள். கிளாரா தன்னுடையதை அலமாரியில் பூட்டிவிட்டுப் பழைய கம்பளிச் சட்டையிலேயே குளிரில் நின்றாள். "ஏன்க்கா போடல, அளவு சரியில்லையா, குடு, நான் பிரிச்சித் தைச்சுத் தரேன்" என்றாள் தமாரா. அவள் நல்ல மனதோடுதான் கேட்டாள். அந்த நல்ல மனதுதான் கிளாராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதிலிருந்து எல்லாமே கண்ணில் பட்டது. தமாராவின் மேசையில் வரிசை நீளமாக நிற்பது, அவள் செய்யும் மீன் ஹேயை வாங்கத் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்தே ஆள் வருவது, பாட்டுக்குழுவில் அவள் குரலை எல்லாரும் திரும்பிப் பார்ப்பது. பச்சை மீனை வினிகரில் ஊறவைத்துச் செய்கிற அந்த ஹேயில் என்னதான் போடுகிறாள் என்று, என்னை விட்டு ஒரு கிண்ணம் வாங்கிவரச் சொல்லி கிளாரா ருசி பார்த்தாள். ரொம்ப நன்றாக இருந்தது. பாதியை நாய்க்குப் போட்டுவிட்டாள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பேச்சு, சிரிப்பு, அக்கா தங்கை என்று கூப்பிடுவது எல்லாம் வழக்கம் போலவே இருந்தது.

டிசம்பர் நடுவில் ஒரு பிறந்தநாள் விருந்தில் சாப்பிட்ட ஏழெட்டுப் பேருக்கு வாந்தியும் பேதியும் ஆயிற்று. விருந்துக்காரர்கள் பாதிச் சாப்பாட்டை எங்கள் சந்தையில்தான் வாங்கியிருந்தார்கள். சுகாதார ஆய்வாளர் ஒருவர் கையில் பையோடு மேசை மேசையாக வந்தார். கிளாராவை அவருக்குத் தெரியும், மதிப்பும் உண்டு. "இந்த வரிசையில சந்தேகப்படற மாதிரி ஏதாவது உண்டா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். தமாரா அந்த நேரம் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

கிளாரா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அவ மீனை மட்டும் ஒரு தடவை பாருங்க. நேத்தே லேசா வாடை வந்த மாதிரி இருந்துச்சு."

வாடை எதுவும் வரவில்லை. தான் அப்படிச் சொல்லப்போகிறோம் என்று வாயைத் திறக்கும்வரை தனக்கே தெரியாது என்றாள் என்னிடம். ஆனால் சொல்லி முடித்ததும் நெஞ்சுக்குள் இனிப்பாக ஏதோ இறங்கியது, அதுவும் உண்மை என்றாள்.

தமாராவின் மீனில் மட்டும் மாதிரி எடுத்துப் போனார்கள். முடிவு வரும்வரை தமாராவின் மேசைக்கு முத்திரை வைத்தார்கள். புத்தாண்டு வியாபாரம் மொத்தமும் அந்த மூன்று வாரத்தில்தான். தமாரா மூடிய மேசைக்கு முன்னால் கத்திரிப்பூ நிற மேலங்கியோடு நின்று, யார் போட்டுக் கொடுத்தார்கள் என்று யோசித்தாள். ரபியா ஞாபகத்துக்கு வந்தாள்.

ரபியா துங்கான்காரி, எப்போதோ சீனாவிலிருந்து வந்து இங்கே குடியேறிய முஸ்லிம்களில் ஒருத்தி. வரிசையின் முனையில் வினிகரும் மிளகாய் விழுதும் விற்பவள். ஆய்வாளர் வந்த அன்று அவரோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். தன் உரிமச் சீட்டைப் புதுப்பிப்பது பற்றித்தான் கேட்டாளாம். அதை யார் நம்பினார்கள்? தமாரா நேராகப் போய் அவளை வாய்க்கு வந்தபடி பேசினாள். ரபியாவும் சும்மா இருக்கவில்லை. மறுநாளிலிருந்து கொரியப் பெண்களுக்கு வினிகர் கிடையாது என்றாள். எங்கள் பக்கம் கேரட்டும் பூண்டும் விளைவிப்பவர்கள் முழுக்கத் துங்கான்கள். ரபியாவின் நாத்தனார், சித்தி மகள் என்று காய்கறி வரிசை பூராவும் அவள் சொந்தம். அவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு வாரத்துக்குள் சந்தை இரண்டாகப் பிளந்து நின்றது. "அவங்க ஆளுங்களே அப்படித்தான்" என்ற பேச்சு இந்தப் பக்கமும் கேட்டது, அந்தப் பக்கமும் கேட்டது. எங்கள் பகுதியில் அந்தப் பேச்சு முன்பு வீடுகள் எரிவதில் போய் முடிந்திருக்கிறது, அது எல்லாருக்கும் தெரியும். அதனால் தாய்மார்கள் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார்கள்.

நாங்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடுவது ஜனவரி ஏழில். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போதகர் யாகோவ் பிரசங்கத்தின் நடுவில் புத்தகத்தை மூடிவிட்டார். டிராக்டர் பழுதுபார்ப்பவர் அவர், கை நகத்தில் எப்போதும் கரி இருக்கும்.

"தேவதூதன் வந்து சமாதானம்னு பாடிட்டுப் போயிட்டான்" என்றார். "அவன் வேலை அவ்வளவுதான். மறுபடி மறுபடி வந்து நம்ம சந்தையில பாட மாட்டான். மிச்ச வேலை நம்மளோடது. சபையோடதுன்னு சொல்லல. உன்னோடது, என்னோடது. தனித்தனியா."

பிறகு எல்லார் முன்னாலும், தமாராவுக்கும் ரபியாவுக்கும் நடுவில் போய்ப் பேச கிளாராவை விட்டால் ஆள் இல்லை, பண்டிகைக்குள் அதை முடித்துத் தரவேண்டும் என்றார். தமாரா பாட்டுக்குழு வரிசையிலிருந்து எழுந்து, "கிளாராக்கா சொன்னா நான் எதையும் கேப்பேன்" என்றாள். எல்லாரும் கிளாராவைப் பார்த்தார்கள். அவள் தலையை ஆட்டினாள். வேறு என்ன செய்ய முடியும்?

முதலில் அவள் சுலபமான வழியைத்தான் பார்த்தாள். ஆராதனை முடிந்ததும் ரபியாவின் வீட்டுக்கு ஒரு டப்பா சாலட் எடுத்துக்கொண்டு போனாள். ரபியா தேநீர் ஊற்றினாள், நூடுல்ஸ் பரிமாறினாள். வந்த காரியத்தைக் கேட்டதும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான் சொல்லவே இல்லைன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்" என்றாள் கிளாரா.

"அப்புறம் எதுக்கு நான் மன்னிப்புக் கேக்கணும்?"

"ஒரு வார்த்தைதானே ரபியா. சமாதானத்துக்காக."

"நல்லா இருக்கே கதை. உங்க பண்டிகை நல்லா நடக்கணும்னா நான் பொய் சொல்லணுமா? உங்க சாமி அதையா கேக்கறாரு? சாப்பிடு, ஆறிப்போகுது."

அங்கே நடக்கவில்லை என்றதும் கிளாரா தமாராவிடம் போனாள். அந்தப் பக்கம் மன்னிப்புக் கேட்காவிட்டாலும் நீயாக மன்னித்துவிடு, அதுதான் விசுவாசிக்கு அழகு என்று சொன்னாள். தமாரா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "நீ சொல்றதால சரிக்கா, மன்னிச்சுடறேன்" என்றாள். அதே ஞாயிற்றுக்கிழமைதான். மணி மூன்று. தொலைபேசி அடித்தது.

தமாரா எடுத்து, திரையைக் கிளாரா பக்கம் திருப்பினாள். ஆர்தூர் முகம் தெரிந்தது. அம்மாவை அங்கே பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. தமாரா நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள்: அக்கா அலைந்ததை, ரபியா வீடுவரை போனதை, தன் மனதையே மாற்றியதை.

"எங்கம்மா மாதிரி யாருக்கு வரும்" என்றான் ஆர்தூர். "சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன். சந்தையே அம்மா பேச்சைக் கேக்கும்."

மகன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தைக்காகக் கிளாரா எத்தனை வருடம் காத்திருந்தாள் என்று அவளுக்குத்தான் தெரியும். அன்று அவன் நாற்பது நிமிடம் பேசினான். தமாராவைவிடத் தன்னைத்தான் அதிகம் பார்த்துப் பேசினான் என்பதையும் அவள் கவனித்தாள். அன்று மாலை முழுக்க மிதந்துகொண்டே இருந்தாளாம். அலமாரியைத் திறந்து மேலங்கியை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். மறுநாள் சந்தைக்கு அதைப் போட்டுக்கொண்டே வந்தாள். எங்களுக்கெல்லாம் சந்தோஷம். நானே அவளைப் பாராட்டினேன்.

மூன்று நாள் அந்த இனிப்பு நின்றது. நடுநடுவே ஏதோ ஒன்று இடித்தது, அதை வேலையில் அமுக்கிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் மகன் அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்வான். எடுத்து யாரிடம் கொடுப்பான்? பக்கத்து வீட்டுக்காரியிடம். அதை நினைத்தபோதெல்லாம் வாய் இறுகிப்போயிற்று என்றாள். பொய் சொல்லவைத்த அதே பொறாமைதான் உண்மையைச் சொல்லவிடாமலும் அவளைப் பிடித்துக்கொண்டது.

ஜனவரி ஆறாம் தேதி காலை பதினோரு மணி இருக்கும். லேசாகப் பனி விழுந்துகொண்டிருந்தது. பண்டிகைக்கு முந்தின நாள் என்பதால் சந்தையில் கால் வைக்க இடமில்லை. தமாரா ஒரு தட்டில் தேன் ரொட்டி வைத்துக்கொண்டு வரிசையின் முனைக்கு நடந்தாள். பின்னாலேயே எங்கள் சபைப் பெண்கள் நாலைந்து பேர், நடுவில் கிளாரா. காய்கறி வரிசைக்காரிகளும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ரபியா, நடந்தது நடந்துபோச்சு. நான் உன்னை மன்னிச்சுட்டேன்" என்றாள் தமாரா. தட்டை நீட்டினாள்.

ரபியா தட்டை வாங்கவில்லை. "என்ன பண்ணினேன்னு மன்னிக்கிற?" என்று கேட்டாள்.

"அதை விடு. இன்னைக்கு நல்ல நாள்."

"உனக்கு நல்ல நாள். பதினஞ்சு நாளா என்னைப் பாக்கறவங்க எல்லாம் காட்டிக்கொடுத்தவளைப் பாக்கற மாதிரி பாக்கறாங்க. இப்ப இந்த ரொட்டியை நான் வாங்கினா அது நிஜம்னு ஆயிடும். எடுத்துட்டுப் போ."

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. வலிய வந்து மன்னித்தும் திமிரைப் பார் என்றாள் ஒருத்தி. இவங்களுக்கு இதுதான் புத்தி என்றாள் இன்னொருத்தி, எங்கள் சபைக்காரிதான். காய்கறி வரிசையிலிருந்து ரபியாவின் நாத்தனார் ஒரு மரப்பெட்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். ரபியா மட்டும் அசையவில்லை. அவள் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுக் கிளாராவிடம் வந்து நிறுத்தினாள். 'உனக்குத் தெரியும்னு நீயே சொன்னியே' என்கிற பார்வை.

கிளாரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ரபியா சொல்லல" என்றாள். "நான்தான் சொன்னேன்."

யாருக்கும் புரியவில்லை. அவள் மறுபடியும் சொன்னாள். ஆய்வாளர் கேட்டபோது, மீனில் வாடை வந்தது என்று தான் சொன்னதாகவும், வாடை எதுவும் வரவில்லை என்றும், இத்தனை நாள் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்ததாகவும் சொன்னாள். கணக்கு வாத்தியார் முன்னால் விடை ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி வரிசையாகச் சொன்னாள்.

தமாரா தட்டைப் பிடித்தபடியே நின்றாள். "ஏன்?" என்றாள்.

"ஆர்தூர்" என்றாள் கிளாரா. "ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி மேலங்கி அனுப்பினான்."

இதைக் கேட்டு யாராவது சிரித்திருக்கலாம். யாரும் சிரிக்கவில்லை. தமாரா மெதுவாகச் சொன்னாள்: "அவனை நீ பெத்தவ. எனக்கு வாரத்துல ஒரு மணி நேரம். அதுகூடவா உனக்குப் பொறுக்கல?"

தட்டை ரபியாவின் மேசையில் வைத்துவிட்டு அவள் கூட்டத்தைக் கடந்து போய்விட்டாள். போகும்போது கிளாராவின் தோளில் இடித்துக்கொண்டு போனாள். வேண்டுமென்றே இடித்தாளா என்று இன்றுவரை தெரியாது.

ரபியாவுக்குக் கோபம் அப்போதுதான் முழுசாக வந்தது. "என் வீட்டுக்கு வந்து, என் கையால சாப்பிட்டுட்டு, என்னையே மன்னிப்புக் கேக்கச் சொன்னியே" என்றாள். கிளாரா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். "இங்க சொன்னா போதுமா? அந்த வரிசை முழுக்க என் பேரு நாறிக் கிடக்கு. ஒவ்வொரு மேசையா போய்ச் சொல்லு. உன் வாயால சொல்லு."

கிளாரா போனாள். தன் மேசையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டுக் கேரட் விற்பவளிடம், பூண்டு விற்பவளிடம், ரொட்டிக்காரனிடம், இறைச்சிக் கொட்டகையில் இருப்பவர்களிடம் என்று ஒவ்வொருவரிடமும் நின்று சொன்னாள். சிலர் கேட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நாத்தனார்க்காரி கேட்கவே மாட்டேன் என்று முதுகைக் காட்டினாள். முதுகைப் பார்த்தே சொல்லிவிட்டு வந்தாள். கடைசியில் என் மேசைக்கும் வந்தாள்.

"நான் அங்கதானே நின்னேன், கேட்டேனே" என்றேன்.

"ஹே வாங்கிட்டு வரச் சொல்லி உன்னை அனுப்பினேனே புருல். அதுவும் இதுல சேத்திதான். உங்கிட்டயும் சொல்லணும்."

அங்கிருந்து ஆய்வாளரின் அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தாள். மாதிரியில் குறை எதுவும் இல்லை என்ற முடிவு அன்றைக்கே வந்திருந்ததாம். விருந்து வீட்டில் செய்த கிரீம் கேக்தான் காரணம். தமாராவின் மேசை மறுநாளே திறக்கலாம் என்றார்கள். ஆனால் மறுநாள் விடுமுறை, வியாபாரக் காலமும் முடிந்துவிட்டது.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்குக் கிளாரா வந்தாள். வழக்கமாகப் பாடும் பாட்டுக்குழுவில் நிற்காமல் கடைசி வரிசையில் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தமாரா முன்னால் நின்று பாடினாள், ஒரு தடவைகூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவள் குரல் அன்று முன்னைவிட நன்றாக இருந்தது. அது காதில் விழ விழ, இந்த நிலையிலும் எனக்கு வயிறு எரிஞ்சுது புருல், என்றாள் கிளாரா. போதகர் யாகோவ் ஆராதனை முடிந்ததும் நேராக அவளிடம் போனார். நல்ல வார்த்தை சொல்வார் என்று நினைத்தோம்.

"நான்தான் ரபியா வீட்டுக்குப் போயிருக்கணும்" என்றார். "தனித்தனியா அவங்கவங்க வேலைன்னு பிரசங்கம் பண்ணிட்டு, என் வேலையை உன் தலையில போட்டேன். நான் போயிருந்தா அவ பொய் சொல்லலைன்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

மறுநாள் அவர் தனியாக ரபியாவின் வீட்டுக்குப் போய், சபைக்காரிகள் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். காய்கறி வரிசை மெதுவாக இளகியது. ஜனவரி முடிவதற்குள் கொரியப் பெண்களுக்குக் கேரட் கிடைத்தது. வினிகரும் கிடைத்தது, கிளாராவைத் தவிர எல்லாருக்கும். அவளுக்கு மட்டும் மார்ச் மாதம்வரை இல்லை.

ஆர்தூரிடம் அவளே சொன்னாள். அவன் கேட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்தான். மூன்று சனிக்கிழமை பேசவில்லை. நாலாவது சனிக்கிழமை பேசினான், இருபது நிமிடம். முதல் தடவையாகத் தன் வேலையிடத்துச் சண்டை ஒன்றைப் பற்றிச் சொன்னான். அவள் அறிவுரை எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டாள். முடிவில், தமாரா சித்திதான் உன்கிட்டப் பேசச் சொன்னாங்க என்றான். அதுவும் அவ குடுத்ததுதானா என்று அன்று இரண்டு தட்டு உடைந்தது கிளாரா வீட்டில்.

சண்டை தீர்க்க அவளை யாரும் கூப்பிடுவதில்லை என்றுதான் கொஞ்ச நாள் இருந்தது. ஏப்ரலில் இரண்டு ரொட்டிக்காரர்கள் இடத்துக்காக அடித்துக்கொண்டபோது ஒருவன் போய் அவளைத்தான் இழுத்து வந்தான். "இந்தக்கா தன் தப்பையே ஊரறியச் சொன்னவங்க, உன் தப்பைச் சொல்ல பயப்படுவாங்களா" என்று மற்றவனைக் கேட்டானாம்.

தமாரா மட்டும் பேசவில்லை. பக்கத்து மேசையிலேயே நின்றார்கள், ஒரே தராசைக்கூடப் பயன்படுத்தினார்கள், பேச்சு இல்லை. இரண்டு முறை கிளாரா வீட்டுக் கதவைத் தட்டினாள். தமாரா திறந்தாள், கேட்டாள், "சரி" என்றாள், சாத்திக்கொண்டாள்.

அக்டோபரில் ரபியாவின் மகள் கல்யாணம். துங்கான் கல்யாணச் சாப்பாடு என்றால் மேசை கொள்ளாது. வரிசையில் இருந்த எல்லாருக்கும் அழைப்பு. ரபியா என்ன நினைத்தாளோ, கிளாராவையும் தமாராவையும் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டாள். பரிமாறுகிற பெண்கள் தமாராவின் தட்டில்தான் முதலில் வைத்தார்கள், அதிகமாகவும் வைத்தார்கள். அதைக் கிளாரா பார்த்தாள். அவள் பார்த்ததை நான் பார்த்தேன். அவள் கண்ணைத் தட்டுக்குத் தாழ்த்திக்கொண்டு கத்திரிக்காயை எடுத்து வாயில் வைத்தாள்.

தமாராவும் ஒரு வாய் எடுத்து மென்றாள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு, யாரையும் பார்க்காமல், தட்டைப் பார்த்தே சொன்னாள்:

"உப்பு கம்மிக்கா."

கிளாரா உப்புக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.